ஒரே ஓட்டைக்கு எத்தனை அடைப்பான்?

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு மெடிக்கேர். 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். ஆனால் டாக்டர் பில்லில் 20 சதவீதம் நோயாளி தலையில்தான். அந்த ஓட்டையை அடைக்க தனியார் கம்பெனிகள் விற்ற பாலிசிதான் 'மெடிகேப்'.

ஒரு ஓட்டைக்கு ஒரு அடைப்பான் போதும்தானே? ஏஜெண்டுகள் அப்படி நினைக்கவில்லை :-) 1970-களில் ஒரே முதியவருக்கே பாலிசி மேல் பாலிசியாக விற்றார்கள். 1978-ல் கிளாட் பெப்பர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது இதெல்லாம் வெளியே வந்தது.

காரணம் ரொம்ப சிம்பிள். முதல் வருடக் கமிஷன் கொழுத்தது, புதுப்பித்தால் கொசுறு. அதனால் இருக்கிற பாலிசியை விடச்சொல்லி புதுசு எடுக்க வைப்பார்கள். பாவம் பாட்டிக்கு, பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து! நடுவில் ஆஸ்பத்திரியில் படுத்தால் கைக்காசுதான்.

1980-ல் வந்த சட்டம் அவ்வளவாகக் கடிக்கவில்லை. 1990 சட்டம்தான் கடித்தது. 1992-ல் ஏ-யிலிருந்து ஜே வரை பத்தே பத்து திட்டங்கள் என்று தொடங்கினார்கள் (மூன்று மாநிலங்கள் விதிவிலக்கு). ஏற்கெனவே என்ன பாலிசி இருக்கிறது என்று எழுதி வாங்காமல் விற்கக்கூடாது. எல்லோரும் இந்த எழுத்துத் திட்டங்களைத்தான் புகழ்வார்கள். எனக்கென்னவோ மாநிலங்கள் கொண்டுவந்த கமிஷன் விதிதான் பெரிசாகத் தெரிகிறது: முதல் வருடக் கமிஷன், அடுத்த வருடத்தினதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. பழைய பாலிசிக்குப் பதிலாக அதே பலனுள்ள புதுசை விற்றால், புதுப்பித்தல் கமிஷன் மட்டுமே. காத்திருப்புக் காலமும் மறுபடி தொடங்காது.