அரச மலரும் மண்ணின் உரிமையும்: ஜோர்ஜியாவின் செரோக்கி ரோசா

அரசுகள் கொடியையும் இலச்சினையையும் வகுத்துக்கொள்வது போலவே மலர் ஒன்றையும் தமக்கெனத் தெரிந்துகொள்கின்றன. இது அழகுணர்ச்சி பற்றிய சிறு விடயமாகத் தோன்றலாம். ஆயின், ஒரு மலரை இம்மண்ணுக்குரியது என அரசு பிரகடனம் செய்யும்போது, அம்மண் யாருக்குரியது என்ற வினாவும் உடனெழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமாகிய ஜோர்ஜியாவின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

மகளிர் கழகங்களின் கூட்டமைப்பு விடுத்த வேண்டுகோளின்பேரில், ஜோர்ஜியாச் சட்டசபை 1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் செரோக்கி ரோசாவை மாநில மலராக ஏற்றது. மாநிலத்தின் வடபகுதி ஆதிக்குடிகளிடையே தோன்றியது, இம்மண்ணுக்கே இயல்பானது என்பனவே அத்தீர்மானம் காட்டிய காரணங்கள்.

தாவரவியல் இதனை மறுக்கின்றது. இச்செடியின் தாயகம் தென்சீனமும் அதனை அண்டிய நாடுகளுமாகும். சீன மருத்துவத்தில் இதன் கனி நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே அமெரிக்கா வந்துசேர்ந்த இம்முட்கொடி, அங்கு வேலிச்செடியாகப் பரவிற்று. பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷோ அமெரிக்க மண்ணில் வளர்ந்த செடியைக் கண்டே இதனை விவரித்தார். அவரது நூல் 1803இல் வெளிவந்தது. சுதேசச் செடி என்ற மயக்கம் நிலைபெற இதுவும் துணைபுரிந்தது எனலாம்.

மலருக்குப் பெயர் தந்த மக்களின் வரலாறு யாது? செரோக்கியர் தமக்கென எழுத்துமுறையும், 1827இல் அரசியல் யாப்பும், 1828இல் பத்திரிகையும் கண்டவர்கள். அவர்தம் நிலத்திற் பொன் கண்டுபிடிக்கப்பட்டமையும், பருத்திச் செய்கைக்குக் காணி தேடிய குடியேறிகளின் வேட்கையும் அவர்களது இருப்புக்கு எமனாயின. 1830இல் வெளியேற்றச் சட்டம் நிறைவேறிற்று. 1832இல் அவர்களின் நிலங்கள் அதிர்ஷ்டச் சீட்டுமூலம் வெள்ளையருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. செரோக்கிய நாட்டில் ஜோர்ஜியாவின் சட்டங்கள் செல்லா என அதே ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பயனேற்படவில்லை. 1838இல் இராணுவம் அவர்களைத் துரத்திற்று. வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் வரையில் மாண்டனர் என மதிப்பிடுவர்.

அன்னையர் சிந்திய கண்ணீரே இம்மலராயிற்று என்பது பிற்கால ஐதிகம். வெண்ணிதழ் கண்ணீரையும், நடுவேயுள்ள மஞ்சள் நிறம் பறிபோன பொன்னையும், ஏழு சிற்றிலைகள் ஏழு குலங்களையும் குறிக்குமாம். ஆனால் இச்செடியின் இலையிற் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளே உள. ஐதிகம் சுமக்கும் துயரம் மெய்யானது. அதனை நாம் இகழவில்லை. எனினும், மக்களைத் துரத்திய மாநிலமே அவர்களின் பெயரைத் தன் மலருக்குரிய பெயராக ஏற்றது என்பது மறக்கத்தக்கதன்று. அவர்கள் இல்லாத நிலத்தில் அவர்களின் பெயர் அணிகலனாயிற்று.

அயல் மாநிலமாகிய அலபாமாவில் இதன் மறுபக்கத்தைக் காண்கின்றோம். 1927இல் அங்கு மாநில மலராக ஏற்கப்பட்ட கோல்டன்றொட், வயலோரங்களிலும் தரிசுகளிலும் தானே பூக்கும் சுதேசச் செடி. அதனை வெறுங் களையெனக் கருதியோர் எதிர்த்தனர். 1959இல் கிழக்காசியாவிலிருந்து வந்த தோட்டச் செடியாகிய கமீலியா அவ்விடத்தைப் பெற்றது. பராமரிக்கப்பட்ட பூந்தோட்டத்தின் சுவை, பொதுவெளியிற் பூப்பதை வென்றது எனலாம். 1999இல் சுதேச ஹைட்ரேஞ்சியா ஒன்று அங்கு ஏற்கப்பட்டபோதும், 'மாநிலக் காட்டு மலர்' என்ற தனி வகையே அதற்குக் கிட்டிற்று. மண்ணின் செடிக்கு மண்ணிலேயே இரண்டாம் ஆசனம்!

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்கின், 'சுதேசம்' என்பதைச் சட்டசபைகள் இயற்கையிடம் கேட்டு முடிவுசெய்யவில்லை என்பது புலனாகும். சுதேசத் தாவரத்தை அரச மலராக்குதல் வரவேற்கத்தக்கதே. அம்மண்ணின் பூச்சிகளும் பறவைகளும் அதனோடு பிணைந்தவை. ஆயினும், செடியின் பிறப்பிடத்தை ஆராயும் அதே கண்டிப்புடன் அந்நிலம் கைமாறிய வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். அதனைத் தவிர்த்து மலரை மட்டும் மாற்றும் சீர்திருத்தம் அரைகுறையானதே என்பது எமது கருத்து.