கடைக்குக் கீழே கரிசல்

1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வழியிலிருந்த கோவில்பட்டி பருத்திச் சந்தையாக வளர்ந்தது. 1901-இல் அரசு இங்கே வேளாண் பண்ணை அமைத்ததும் கரிசலை நம்பித்தான். பயிருக்குப் பொன்னான அந்த மண், கட்டடத்துக்குப் பரம எதிரி.

ஈரம் பட்டால் ஊதும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பனங்கை வைத்து ஓலை வேய்ந்த பழைய கடைக்கு இது ஒரு பொருட்டில்லை. மண் அசைந்தால் கூரையும் சேர்ந்து அசைந்துகொள்ளும்.

வடக்கே விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் மகமை என்னும் பொதுநிதியில் பேட்டைகள் கட்டினார்கள். வண்டியும் மாடும் தங்க மதில் சூழ்ந்த முற்றம். திருடர் பயமில்லாமல் சரக்கை இறக்கிவைக்க இடம். ஓலைக் கொட்டகையாக இருந்த கடை, அசையாத சுவராக மாறியதும் மண்ணின் சேட்டை வெளியே தெரிய ஆரம்பித்தது.

அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கரிசலைத் தோண்டி, கீழே சரளையோ சுக்கான் படிவமோ தட்டுப்படும்வரை அஸ்திவார வானம் பறித்தார்கள். சுக்கான்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பும் கிடைத்தது. சுண்ணாம்புக் காரை லேசாக நெளிந்துகொடுக்கும். சிமெண்ட் அப்படியில்லை, கீறல் விட்டுவிடும். கடை முகப்பில் எண் எழுதிய பலகைகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். நிலை கொஞ்சம் சாய்ந்தால் பலகையை இழைத்துச் சரிசெய்துவிடலாம். பலகை போய் இரும்பு ஷட்டர் வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. ஷட்டர் ஓடும் தடம் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் காலையில் கடை திறக்காது.

இன்றைய புதுப்பிப்பில் கூத்து இன்னும் பெரிது. தீபாவளிக்குள் கடையைத் திறந்தாக வேண்டுமென்று, மண் வறண்டு கிடக்கும் கோடையில் வேலையைத் தொடங்குவார்கள். டைல்ஸ், கண்ணாடி முகப்பு, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் முடிந்து விளக்கு போடும்போது ஐப்பசி மழை இறங்கும். தரை நடுவில் மேடாகும், டைல்ஸ் உப்பும். கோடை திரும்பினால் வெளி ஓரம் முதலில் காய, சுற்றுச்சுவர் தாழும்.

மருந்து தெரியாமலில்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களைக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்தது. மண் அசையும் ஆழத்துக்குக் கீழே தூண் ஊன்றிக்கொள்ளும். மேலே மண்ணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால், மண் ஊதினாலும் கட்டடத்தைத் தூக்காது. கரிசலை வெட்டியெடுத்துவிட்டுச் செம்மண், சரளை கொட்டி இறுக்குவது இன்னொரு வழி. சுற்றிலும் தளமிட்டு, மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்காமல் வாய்க்காலில் விடுவது அதைவிட மலிவு.

இவையெல்லாம் கட்டட உரிமையாளர் செய்ய வேண்டியவை. வாடகைக்குக் கடை எடுத்தவரோ முகப்பையும் அலமாரியையும்தான் மாற்றுவார். ஒப்பந்தத்தில் அஸ்திவாரம் அவர் பொறுப்பில் இல்லை. அதனால் உப்பிய டைல்ஸைப் பெயர்த்து, அதே மண்ணின்மேல் மறுபடியும் புது டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.