‘எண்ணுறேன்’

பினாங்கின் பத்து காவான் ரப்பர் தோட்டத்து லயத்தில் என் பாட்டியின் வாயில் இருந்த ஒரு சொல்லுக்கு இந்த அஞ்சலி.

மாலையில் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். என்ன பாட்டி என்றால், “எண்ணுறேன்” என்பார். சில நாள் விரல் மடங்கிக்கொண்டே இருக்கும்: தன் நிரை மரங்களில் பால் பிடிக்கும் மங்கு எத்தனை உடைந்து கிடக்கிறது என்ற கணக்கு. சில நாள் விரல் அசையாது: அத்தைக்கு வந்த வரனைச் சரி என்பதா, வேண்டாம் என்பதா. இரண்டுக்கும் அவரிடம் ஒரே சொல்தான் இருந்தது.

பழைய தமிழும் அப்படித்தான். திருக்குறளில் 392ஆம் குறளின் ‘எண்’ கணக்கு. 467ஆம் குறளில் எண்ணுவது, காரியத்தில் இறங்குமுன் ஆய்ந்து பார்ப்பது. இன்று ‘எண்ணம்’ எழுத்திலும் மேடையிலும் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் எண்ணுவது காசை மட்டும்தான். மற்றதற்கு நினைக்கிறோம், யோசிக்கிறோம். இல்லையென்றால் ‘ஒரு ஐடியா’.

ஐடியா நல்ல சொல்தான். கிரேக்கத்தில் ‘பார்’ என்னும் வேரில் பிறந்து, முதலில் கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் குறித்தது. அதனால்தானோ என்னவோ, ஐடியா பளிச்சென்று வந்துவிடுகிறது. பாட்டி எண்ணியது அப்படி வராது. முதல் மரத்தில் தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல், கடைசி மரம் வரை நடந்துதான் வரும். அத்தையின் கல்யாணத்துக்கு அவர் ஒரு மாதம் நடந்தார்.

கரும்பும் ரப்பரும் செம்பனையும் கண்ட மண் பத்து காவான். 2014 மார்ச் 1ஆம் தேதி, இதைப் பினாங்குத் தீவோடு இணைக்கும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்தது. இப்போது இங்கே மைக்ரோன் தொழிற்சாலையில் நினைவகச் சில்லுகள் தயாராகின்றன. கம்ப்யூட்டர் என்ற பெயரின் லத்தீன் வேரான ‘புத்தாரே’வுக்குக் கணக்கிடுதல், கருதுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. எங்கள் லயம் இருந்த இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை.

மலாய்க்காரர்களிடம் பாட்டியின் ‘எண்ணுறேன்’ என்ற சொல்லின் ஜோடி இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘சாயா கிரா’ என்றால் நான் நினைக்கிறேன். சாப்பாட்டுக் கடையில் “கிரா!” என்று குரல் கொடுத்தால், கணக்குப் பார்க்க ஆள் வருவார்.

போன வாரம் அப்படித்தான் கூப்பிட்டேன். கடைக்காரர் வந்து மேசையைப் பார்த்தார். தட்டுத் தட்டாக விரல் போனது, உதடு அசைந்தது, பாதியில் நின்றது.

“தே தாரிக் ரெண்டா, மூணா அண்ணே?”