அபாயப் பகுதி

'அபாயப் பகுதி' 1938இன் ராணுவப் பயிற்சிச் சட்டம் தந்த சொல். குண்டு பாயும் நேரத்தில் அங்கிருந்து மனிதர்களையும் வீட்டு விலங்குகளையும் அகற்றவேண்டுமாம். ஆளும் மாடும் ஒரே வரியில்! காலனி அரசு போனது, சட்டம் போகவில்லை. 1964 முதல் நேதர்ஹாட் பீடபூமியில் (இன்றைய ஜார்கண்ட்) ராணுவம் இதைக் காட்டித்தான் பீரங்கி சுட்டுப் பழகியது. ஆதிவாசிகளுக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு இவ்வளவே: 'சுடுற அன்னிக்குத் தள்ளிப் போயிடுங்க, நஷ்டஈடு தர்றோம்.' வெடிக்காமல் வயலில் புதைந்து கிடக்கும் குண்டுக்குப் பயிற்சி முடிந்த தேதி தெரியுமா என்ன? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அறிவிக்கை 245 கிராமங்களை வளைத்தது. 1994 மார்ச்சில் சுட வந்த படையை, அகற்றப்பட வேண்டியவர்களே டுட்டுவாபானியில் வழிமறித்துத் திருப்பியனுப்பினார்கள். பிறகும் ஆண்டுதோறும் மார்ச்சில் அங்கே கூடினார்கள். அறிவிக்கையை நீட்டிப்பதில்லையென மாநில அரசு சொன்னது 2022 ஆகஸ்டில்.