கணக்காளரை எடைபோடும் கடிதம்: ஒரு சிறு வரலாறு

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் அமைந்த சிற்றூர் அலவத்துகொட. இவ்வூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் பயின்று, பின்னர் கண்டி நகரத்து வகுப்புகளுக்குப் பேருந்தில் சென்றுவந்து கணக்கீட்டுத் தகைமை பெறும் இளைஞர், யுவதியர் உள்ளனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், படித்த இளைஞர் கூடுமிடமெங்கும் ஒரு சொற்றொடர் அடிக்கடி அடிபடுகிறது: தகைமை மதிப்பீடு. அவுஸ்திரேலியாவுக்குத் திறன்சார் குடிவரவு வீசாவில் செல்ல விரும்பும் கணக்காளர் ஒருவர், தமது கல்வித் தகைமை அந்நாட்டின் அளவுகோலுக்கு ஈடானதுதான் என்று அங்குள்ள தொழில்சார் நிறுவனம் ஒன்றிடமிருந்து முதலில் கடிதம் பெறவேண்டும். அக்கடிதம் இல்லாமல் வீசாவுக்கான அடுத்த படியில் கால் வைக்க முடியாது.

“இத்தனை ஆண்டுகள் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவனை, மெல்பேர்னில் இருக்கும் ஒருவர் மறுபடியும் எடைபோடுவதா?” என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு. ஆயினும் இவ்விடயத்தை வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், அக்கடிதம் எங்கிருந்து வந்தது என்பதும், அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதும் தெளிவாகும்.

ஒரு மனிதர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போக வேறொருவர் எழுதித் தரும் தாள் தேவை என்ற நிலை மலைநாட்டுக்குப் புதியதன்று. கோப்பித் தோட்டங்களின் காலத்திலும், அதன் பின்வந்த தேயிலைத் தோட்டங்களின் காலத்திலும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் கடன் கங்காணியின் பெயரில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்திற்குப் போக வேண்டுமாயின், இன்ன தொகையைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆட்களை எடுக்கும். அந்தத் தாளில் தொழிலாளியின் திறமைக்கு இடமில்லை. அவரது கடனே அவரது பெறுமதியாக எழுதப்பட்டது. இந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலையகத் தமிழரின் பேச்சில் இன்றும் வாழும் ‘கணக்கப்பிள்ளை’ என்ற பதவிப்பெயரும் அந்தத் தோட்ட வாழ்வு தந்ததே. கணக்கப்பிள்ளைக்குப் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. துரையின் நம்பிக்கையே அவருடைய சான்றிதழ்.

நகரத்துக் கணக்காளரின் நிலை வேறு. பிரித்தானியாவில் எடின்பரோ கணக்காளர் சங்கம் 1854 இலும், இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1880 இலும் அரச பட்டயம் பெற்றன. ‘பட்டயக் கணக்காளர்’ என்ற பெயர் அவ்வாறு பிறந்ததுதான். குடியேற்ற நாடான இலங்கையில் பெரிய கம்பனிகளின் கணக்குகளைப் பரிசோதிக்கும் தொழிலில் பிரித்தானியத் தகைமை பெற்றோரின் கை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. 1938 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கக் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1941 இல் கணக்காளர் சபை ஒன்று ஏற்பட்டு, உள்நாட்டில் ‘பதிவுசெய்யப்பட்ட கணக்காளர்’ என்ற வகுப்பு உருவாயிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தை அமைத்தது. ஓர் இலங்கையர் கணக்காளர் என்பதை இலங்கையிலேயே பரீட்சித்து, இலங்கையிலேயே ஒப்பமிடும் உரிமை அன்று கிடைத்தது. இதை நாம் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.

ஆனால் அந்த ஒப்பத்தின் அதிகாரம் நாட்டின் கடலெல்லையோடு முடிந்துவிட்டது. 1959 இல் தேர்ந்த தமிழ், முஸ்லிம் அல்லது சிங்களக் கணக்காளர் ஒருவர் அவுஸ்திரேலியாவில் குடியேற எண்ணியிருந்தால், அவருடைய பரீட்சைப் பெறுபேற்றை எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். 1901 ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதச் செய்து வேண்டாதவரை விலக்கும் தந்திரத்தைக் கைக்கொண்டது. அப்பரீட்சை 1958 இல் நீக்கப்பட்ட பின்னரும் வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை தொடர்ந்தது. இலங்கையிலிருந்து அக்காலத்தில் அங்கே குடியேற முடிந்தவர்கள் பெரும்பாலும் பறங்கியர். அவர்களிடமும் கேட்கப்பட்டது தொழிற்றகைமை அன்று, வம்சாவளி. கலப்பு மரபினராயின் நான்கில் மூன்று பங்கு ஐரோப்பிய மரபு இருக்கவேண்டும் என்பதே 1950களின் விதி. அன்றும் மதிப்பீடு நடந்தது; மதிப்பிடப்பட்டது மனிதரின் இரத்தமும் தோற்றமும்.

1966 மார்ச்சில் ஹரல்ட் ஹோல்ட் அரசாங்கம், தகைமை வாய்ந்த ஐரோப்பியரல்லாதோரின் விண்ணப்பங்களையும் பரிசீலிக்க இணங்கியது. 1973 இல் கஃப் விட்லம் அரசாங்கம் குடிவரவில் இனத்தை ஓர் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கத்தை முற்றாக அகற்றியது. 1967 இல் கனடா அறிமுகப்படுத்திய புள்ளிமுறையை ஒத்த ஒரு முறையை அவுஸ்திரேலியா 1979 இல் கொண்டுவந்தது. வயது, மொழி, கல்வி, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்கும் இன்றைய முறைக்கு இதுவே முன்னோடி. தகைமை மதிப்பீட்டின் மீது நமக்கு எவ்வளவு சினம் இருந்தாலும், இரத்தத்தை அளந்த இடத்தில் பாடத்திட்டத்தை அளக்க முற்பட்டது பெரிய மாற்றமே.

அதே காலத்தில் நமது பக்கத்துக் கதவையும் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். 1971 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கையர் நாட்டை விட்டு வெளியேற அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. படித்தவர்கள் வெளியேறுவதைப் பற்றி அமைச்சரவைக் குழுவொன்று ஆராய்ந்து 1974 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1977 இல் ஆட்சி மாறி அக்கட்டுப்பாடு தளர்ந்தது. அதன்பின் 1983 ஜூலை வந்தது. வீடும் அலுவலகமும் எரிந்தபோது சான்றிதழ்களும் எரிந்தன. மதிப்பீடு செய்விப்பதற்கே தாள் இல்லாமல் புறப்பட்டவர்கள் பலர். கணக்காளராக இருந்தவர் புதிய நாட்டில் களஞ்சியசாலையிலோ எரிபொருள் நிலையத்திலோ வேலை தொடங்கிய கதையைப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போதைய கடிதத்தின் பிறப்பு 1999 ஜூலையில். அதுவரை வெளிநாட்டுத் தகைமையுடன் அங்கே போய் இறங்கியபின் வேலை கிடைக்காமல் திண்டாடியோர் ஏராளம். எனவே, திறன்சார் வீசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே அந்தந்தத் தொழிலுக்குரிய நிறுவனத்திடம் மதிப்பீடு பெறவேண்டும் என்று அவுஸ்திரேலியா விதித்தது. கணக்காளருக்கு அப்பொறுப்பை ஏற்றவை மூன்று: சி.பி.ஏ. அவுஸ்திரேலியா, 2014 இறுதியில் நியூசிலாந்து அமைப்புடன் இணைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம், முன்னர் தேசியக் கணக்காளர் நிறுவகம் என்று அழைக்கப்பட்ட பொதுக் கணக்காளர் நிறுவனம்.

இவை மூன்றும் விண்ணப்பதாரரின் கணக்கேடுகளைப் பார்ப்பதில்லை. ஐந்தொகையை எவ்வளவு நேர்மையாகச் சமப்படுத்தினார் என்று கேட்பதுமில்லை. அவரது தகைமை அந்நாட்டின் இளமாணிப் பட்டத்துக்கு நிகரானதா, நிதிக் கணக்கீடு, முகாமைக் கணக்கீடு, நிதி முகாமைத்துவம், கணக்காய்வு, வர்த்தகச் சட்டம் போன்ற பாடப்பரப்புகள் அதில் அடங்கியுள்ளனவா என்பதை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கின்றன. ஆதலால் விண்ணப்பம் ஒன்று தள்ளப்பட்டால், அதன் பொருள் “நீ கணக்காளன் அல்லன்” என்பதன்று. “இன்ன பாடம் உன் தாள்களில் காணப்படவில்லை” என்பதே. பாடத்தின் பெயரை மட்டும் எழுதி உள்ளடக்கத்தை விரித்துரைக்காத பெறுபேற்றுப் பத்திரம் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடுகிறது.

இக்கடிதத்தின் மதிப்பும் நிலையானதன்று. 2004 இல் கணக்காளர் தொழில் அவுஸ்திரேலியாவின் தேவைமிகு தொழில்களின் பட்டியலில் சேர்ந்தது. உடனே ஆசிய நாடுகளிலிருந்து மாணவர்கள் கணக்கீட்டுக் கற்கைகளில் திரண்டனர். பட்டம் பெற்றும் ஆங்கிலம் போதாமையால் தொழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் பெருகின. 2010 பெப்ரவரியில் அப்பட்டியலே கைவிடப்பட்டது. பாதி வழியில் நின்ற மாணவர் எத்தனையோ பேர். 2018 ஜூலை முதல் ஆகக்குறைந்த புள்ளி 65 என்று இருந்தாலும், போட்டி காரணமாகக் கணக்காளருக்கு அழைப்பு வர அதைவிடப் பல புள்ளிகள் தேவைப்பட்டன. நேர்மறையான மதிப்பீட்டுக் கடிதம் வாசற்படிதான். அதுவே வீசா அன்று. கடன்பட்டு இதில் இறங்கும் குடும்பங்கள் இதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

வெளிநாட்டாரை மட்டும் குறைகூறுவதிலும் பயனில்லை. ஒரு தகைமை இன்னொன்றுக்கு நிகரா என்ற சச்சரவு நம் நாட்டுக்குள்ளேயே நடந்தது. கண்டி உட்பட பல நகரங்களிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா பயிலும் மாணவர்கள், தமது கற்கைக்கு முன்னர் அளிக்கப்பட்டிருந்த வணிகமாணிச் சமநிலையை மீள வழங்குமாறு கோரிப் போராடினர். 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பு வோர்ட் பிளேசில் பொலிஸார் அவர்கள்மீது தடியடி நடத்தினர். சொந்த அரசே தன் சொந்த டிப்ளோமாவின் பெறுமதியை உறுதியாகச் சொல்லத் தயங்கும்போது, மெல்பேர்னில் இருப்பவர் மட்டும் எப்படிச் சொல்வார்?

இதில் ஒரு முரணும் உண்டு. அவுஸ்திரேலியா 2005 ஜனவரியிலும் இலங்கை 2012 ஜனவரியிலும் சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமங்களைத் தழுவிக்கொண்டன. கொழும்பில் தயாரிக்கும் கம்பனிக் கணக்கும் சிட்னியில் தயாரிக்கும் கணக்கும் இன்று ஏறத்தாழ ஒரே விதிக்கோவைக்கு உட்பட்டவை. கணக்கு எல்லை கடந்துவிட்டது. கணக்காளர் மட்டும் வரிசையில் நிற்கிறார்.

அலவத்துகொடையிலும் அக்குறணையிலும் தமிழ்மொழிமூலம் கற்ற பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. பேரேடு, பரீட்சை மீதி, பெறுமானத்தேய்வு என்ற சொற்களில்தான் அவர் கணக்கீட்டைக் கற்றார். 1987 இல் தொடங்கப்பட்ட கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சைகளையும் தமிழிலேயே எழுத முடிந்தது. ஆனால் மதிப்பீட்டு நிறுவனங்கள் நீண்ட காலமாகக் கேட்டுவருவது ஐ.ஈ.எல்.டி.எஸ். கல்விப் பிரிவுப் பரீட்சையின் நான்கு கூறுகளிலும் தனித்தனியே 7. மூன்றில் 8 பெற்று, எழுத்தில் 6.5 பெற்றால் போதாது. கணக்கீட்டில் ஒருமுறை தேறியவர் ஆங்கிலக் கட்டுரைக்காகப் பலமுறை பரீட்சைக் கட்டணம் செலுத்துகிறார். நகரத்து ஆங்கிலமொழிமூல மாணவருக்கும் கிராமத்துத் தமிழ்மொழிமூல மாணவருக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த ஒரு விதியே காட்டிக்கொடுக்கிறது.

2023 ஜனவரியில் ஆள்சார் வருமான வரி உச்ச வீதமாக 36 சதவீதத்துக்கு உயர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ரூபாய் பெரும் வீழ்ச்சி கண்டிருந்தது. போகிறவர்களைப் பார்த்து நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கணக்கறிந்தவர்கள், வரவையும் செலவையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் அரசும் தொழில்சார் நிறுவனங்களும் செய்யவேண்டியது உண்டு. நமது கற்கைகளின் பாடத்திட்டங்களை விரிவாகவும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, பிற நாட்டு நிறுவனங்களுடன் பரஸ்பர அங்கீகார உடன்படிக்கைகளுக்கு முயலவேண்டும். இங்கேயே தங்கிவிடும் மாணவருக்கும் அது நன்மை தரும். அவருடைய சான்றிதழின் மதிப்பும் உயரும்.

புலம்பெயர் நாடுகளில் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய பெட்டிகளில் மதிப்பீட்டுக் கடிதங்களும், நிராகரிப்புக் கடிதங்களும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பதித்த சான்றிதழ்களும் இருக்கக்கூடும். வேலை முடிந்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். தோட்டத்துத் துண்டுகளை அக்காலத்தில் யாரும் பத்திரப்படுத்த எண்ணவில்லை. அதனால் அவற்றைப் பெற்ற மனிதர்களின் பெயர்கள்கூட நமக்குக் கிட்டவில்லை. நம் தலைமுறையின் தாள்களாவது எஞ்சட்டும்.