தக்யானூஸ் கேட்ட சான்றுச்சீட்டு

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் ஸூரத்துல் கஹ்ஃபில், ஈமானைக் காத்துக்கொள்ள ஊரையும் உறவையும் துறந்து குகையில் ஒதுங்கிய இளைஞர்களின் வரலாறு இடம்பெற்றுள்ளது. அவர்கள் வாழ்ந்த காலத்தையும் ஊரையும் அல்லாஹ் பெயர் குறிப்பிட்டுக் கூறவில்லை. எனினும், அவர்களைத் துன்புறுத்திய மன்னனின் பெயர் தக்யானூஸ் எனத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். கிறிஸ்தவ மரபிலும், இன்றைய துருக்கியிலுள்ள எபேசு நகரின் ஏழு இளைஞர்களைப் பற்றி இதையொத்த வரலாறு உண்டு. அதில் வரும் மன்னன் ரோமப் பேரரசன் டீசியஸ். அப்பெயரே அரபு நாவில் தக்யானூஸ் ஆயிற்று என்பது ஆய்வாளர்களின் கருத்து.

டீசியஸ் 249 முதல் 251 வரை ஆட்சி செய்தவன். அவனுடைய காலத்தை அறிந்துகொண்டால், குகைத்தோழர்கள் எதைவிட்டு ஓடினார்கள் என்பது நமக்கு இன்னும் தெளிவாக விளங்கும்.

பரவிய விதம்

நபி ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோர் தொடக்கத்தில் ஜெரூஸலத்திலும் அந்தியோக்கியாவிலும் வாழ்ந்த சிறு கூட்டத்தினர். பிற்காலத் திருச்சபை வகுத்த கோட்பாடுகளில் நமக்கு உடன்பாடில்லை என்பது வேறு செய்தி. ஆயினும் முதல் மூன்று நூற்றாண்டுகளில் அவர்களிடம் படையும் இல்லை, அரசும் இல்லை. ரோமர் அமைத்த சாலைகளிலும் கடல்வழிகளிலும் பயணம் செய்த வணிகர்கள், கைவினைஞர்கள், அடிமைகள், பெண்கள் ஆகியோர் வழியாகவே அச்செய்தி ஊர் ஊராகப் பரவியது. அவர்கள் வீடுகளில் கூடினார்கள். விதவைகளையும் அநாதைகளையும் பராமரித்தார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளைக் கைவிடாமல் பணிவிடை செய்தார்கள். இவ்வாறு ஏழைகளின் மனத்தை வென்றார்கள்.

ஏறத்தாழ 112ஆம் ஆண்டில், சின்ன ஆசியாவின் வடபகுதியை ஆண்ட ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் இவர்கள் கூடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, அடைக்கலப் பொருளை மறுப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்கிறார்கள் என்பதே விசாரணையில் அவர் கண்டறிந்தது. மூன்று முறை கேட்டும் மறுக்காதவர்களை அவர் மரண தண்டனைக்கு அனுப்பியிருந்தார்! மறுத்தவர்களோ பேரரசனின் சிலைக்கு முன்னால் சாம்பிராணியும் மதுவும் படைத்து, ஈஸாவைச் சபித்துக் காட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் விடுதலை. டிராஜனும் இம்முறையை ஏற்றுக்கொண்டான். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகார்களை ஏற்க வேண்டாம் என்று மட்டும் பணித்தான்.

கொடுமைகளின் வரிசை

இதற்கு முன்னரே, 64ஆம் ஆண்டு ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, பழியைக் கிறிஸ்தவர்கள்மீது சுமத்தினான் நீரோ. விலங்குத் தோல்கள் போர்த்தப்பட்டு நாய்களால் குதறப்பட்டவர்களையும், இரவில் விளக்குகளாக எரிக்கப்பட்டவர்களையும் பற்றி ரோம வரலாற்றாசிரியர் டேசிட்டஸ் எழுதியுள்ளார். ஆனால் அது ஒரு நகரத்தில் நடந்த வெறியாட்டம். அதன் பிறகும் கொடுமைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நிகழ்ந்தன.

டீசியஸ் பிறப்பித்த ஆணையோ பேரரசு முழுமைக்குமானது. நாட்டு நலனுக்காகக் குடிமக்கள் ஒவ்வொருவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். அதிகாரிகள் முன்னிலையில் பானம் ஊற்றி, படையலை உண்டு, அவ்வாறு செய்ததாகக் கையொப்பமிட்ட சான்றுச்சீட்டு பெற வேண்டும். எகிப்தின் மணலில் புதைந்துகிடந்த பாப்பிரஸ் ஏடுகளில் இத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தியினுடையது. ஊருக்கே பூசை செய்தவளும் தன் பக்திக்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது!

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த அரசு எவருடைய உள்ளத்தையும் கேட்கவில்லை. ஒரு துளி பானம், ஒரு கவளம் படையல், ஒரு கையொப்பம் போதும். வீட்டுக்குப் போய் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம். இவ்வளவு சிறிய ஒன்றையே கேட்டதால்தான் அச்சோதனை மிகப் பெரியதாயிற்று. ரோம் நகர ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் உயிர்நீத்தார். பலர் ஊரைவிட்டு ஓடினர். பலர் பணிந்தனர். வேறு சிலர் பலியிடாமலேயே அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டனர்.

251இல் கோத்தியருடன் நடந்த போரில் டீசியஸ் மாண்டான். அதன் பின் எழுந்த கேள்வி கடுமையானது: பணிந்தவர்களை மீண்டும் சபையில் சேர்க்கலாமா? கூடவே கூடாது என்றனர் ஒரு சாரார். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன், அவர்கள் பாவமன்னிப்புத் தேடிக் காத்திருந்த பின் சேர்க்கலாம் என்றார். அவரும் 258இல் கொல்லப்பட்டார்.

மக்காவில் அம்மார் (ரலி) அவர்களுக்கு நேர்ந்தது இங்கே நம் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் யாஸிரும் சுமைய்யாவும் (ரலி) கொல்லப்பட, வதை தாளாமல் அவரது நாவு நிராகரிப்பின் சொல்லைக் கூறிற்று. உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்க, நிர்ப்பந்திக்கப்பட்டவர்மீது குற்றமில்லை என ஸூரத்துந் நஹ்லின் வசனம் அவருக்கு ஆறுதலாக இறங்கியது.

அரியணை கிடைத்தபோது

303இல் டயோக்ளீஷியன் தொடங்கிய கொடுமையே கடைசியானது, மிகக் கொடியதும்கூட. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, வேத ஏடுகள் எரிக்கப்பட்டன. 311இல் மரணப்படுக்கையில் கிடந்த கலேரியஸ் அதை நிறுத்தினான். 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் அனைவருக்கும் வழிபாட்டுரிமையை வழங்கினர்.

அதன் பிறகு நடந்ததும் வரலாறே. 380இல் பேரரசன் தியோடோசியஸ், திருச்சபை வகுத்த கோட்பாட்டையே அனைவரும் ஏற்க வேண்டும் என ஆணையிட்டான். 385ஐ ஒட்டி ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன், சக ஆயர்கள் சிலரின் முறையீட்டால் விசாரிக்கப்பட்டு, சூனியக் குற்றத்தின் பெயரால் டிரியர் நகரில் தலை வெட்டப்பட்டார். கொன்றது கிறிஸ்தவ அரசு. தூர் நகர ஆயர் மார்ட்டின் இதைத் தடுக்க மன்றாடினார், பயனில்லை. கலேரியஸின் ஆணைக்கும் இதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டுகூட முழுமையாகக் கடக்கவில்லை.

இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. யூதர்களும் ரோமரிடம் சொல்லொணாத் துன்பம் அடைந்தவர்களே. ஆனால் 523ஐ ஒட்டி யமன் நாட்டை ஆண்ட, யூத மதம் தழுவிய தூ நுவாஸ், நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தான். ஸூரத்துல் புரூஜ் கூறும் நெருப்புக் குண்டத்தார் அவனுடைய கூட்டத்தாரே என விரிவுரையாளர் பலர் கூறுவர். அல்லாஹ்வை நம்பியது ஒன்றே அம்மக்கள் செய்த குற்றம் என்று திருமறை அவர்களுக்காகப் பேசுகிறது.

ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின், அதே நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு மதீனா வந்தது. நபி (ஸல்) அவர்கள் அவர்களோடு விவாதித்தார்கள்; அவர்களது கொள்கையை மறுத்தார்கள். அவர்களுக்குத் தொழுகை நேரம் வந்தபோது மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழ விட்டுவிட்டார்கள் என இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். அவர்கள் இஸ்லாத்தை ஏற்காமலேயே உடன்படிக்கையும் பாதுகாப்பும் பெற்றுத் திரும்பினர். அப்போது அதிகாரம் முஸ்லிம்களின் கையில் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

ஸூரத்துல் கஹ்ஃபை ஓதும்போதெல்லாம் நம்மைக் குகைக்குள் இருப்பவர்களாகவே எண்ணிக்கொள்கிறோம். சிறுபான்மையினராக வாழும் நமக்கு அது இயல்பே. அந்த இளைஞர்களின் உறுதி நமக்கு வேண்டும். ஆனால் வீட்டிலும் ஜமாஅத்திலும் மஹல்லாவிலும் நம் சொல் செல்லுபடியாகும் இடங்கள் உண்டு. அங்கே பிள்ளைகளிடமும் மாற்றுக் கருத்துடைய சகோதரர்களிடமும் நாம் எதைக் கேட்கிறோம்? உள்ளம் ஒப்பிய ஈமானையா, ஊருக்குக் காட்ட ஒரு சான்றுச்சீட்டையா? அச்சத்தால் பெற்ற சீட்டு டீசியஸுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளங்களைப் பார்க்கும் அல்லாஹ்வுக்கு அது போதாது.

சோதனைக் காலத்தில் குகைத்தோழர்களின் உறுதியையும், அதிகாரம் கிடைக்கும் காலத்தில் நபிகளாரின் நீதியையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! ஆமீன்.