எய்ட்ஸ் நோய்ப்பரவலும் நாடுகளின் எதிர்வினையும்

எச்.ஐ.வி. என்னும் ஒரே கிருமி பரவியபோதும் அரசுகள் எடுத்த முடிவுகளால் உயிரிழப்பு நாட்டுக்கு நாடு வேறுபட்டதை 1980களில் தொடங்கிய எய்ட்ஸ் நெருக்கடி தெளிவாகக் காட்டுகிறது.

தாய்லாந்து: பாலியல் தொழில் விடுதிகளில் ஆணுறையைக் கட்டாயமாக்கும் திட்டம் 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி, 1991இல் நாடெங்கும் விரிந்தது. அமைச்சர் மேச்சாய் விரவைத்யா வானொலி, தொலைக்காட்சி வழியே விழிப்புணர்வைப் பரப்பினார். புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன.

பிரேசில்: நோயாளிகள் அனைவருக்கும் இலவச மருந்து வழங்க 1996இல் சட்டம் இயற்றியது. எஃபாவிரென்ஸ் மருந்தின் விலை கட்டுப்படியாகாதபோது, 2007இல் காப்புரிமையைக் கடந்து, மலிவான நகல் மருந்துக்கு வழிவிடும் கட்டாய உரிமம் பிறப்பித்தது.

தென்னாப்பிரிக்கா: எச்.ஐ.வி.யே எய்ட்ஸுக்குக் காரணம் என்பதை அதிபர் தாபோ உம்பெக்கி ஐயுற்றதால் சிகிச்சை தாமதமானது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை வழங்குமாறு 2002இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ஆணையிட்டது. தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாக 2008இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு மதிப்பிட்டது.

இந்தியா: முதல் தொற்றுகள் 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டன. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்து, ஏழை நாடுகளுக்குச் சிகிச்சையை எட்டச் செய்தது.

ஒப்பீடு: செல்வத்தைவிட, அறிவியலை ஏற்பதும் நோயாளியை ஒதுக்காதிருப்பதும் மருந்தை உரிமையாகக் கருதுவதுமே உயிர்களைக் காத்தன. தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மக்களே விலை கொடுத்தனர்.